மேஜரோட டிஸ்சார்ஜ் புக்

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பை அப்படியே ஓரமா விட்டுருங்க. நல்ல வெயில்ல வந்திருக்கீங்க, சித்த ஃபேனுக்கு அடியில உக்காருங்க. காப்பி சாப்புடறீங்களா? வேண்டாங்களா? சரி, மோராவது குடிங்க. கேட்ல இருக்கற புது ஆளு உங்களை ஒண்ணும் கேக்கலீங்களா? யாரு, எங்கிருந்து வர்றீங்க, எந்த வீடு, எதுவுமே கேக்கலியா? பாத்தீங்களா. போன்ல மூஞ்சிய வெச்சுக்கிட்டு கைய ஆட்டியிருப்பான். முந்தி இருந்தவரா இருந்தா நீங்க இந்நேரம் ரோட்டுலதான் நின்னிருப்பீங்க.

சரி, போட்டோவைக் குடுங்க. இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

ஆமாங்க. இவரேதான். எங்க மேஜர். தாடி மொளச்சு, கன்னமெல்லாம் ஒட்டிப்போயி, ஆளே பாதியாயிட்டாரு. ஆனா சட்டை எங்க சட்டைதான். பாக்கெட்டு மேல ‘பசுமை எழில் குடியிருப்போர் சங்கம்’னு தெச்சிருக்குது பாருங்க. அதை வெச்சுத்தானே கண்டுபுடிச்சு வந்தீங்க? நல்ல நூலுங்க. எத்தனை அழுக்குலயும் எழுத்து அழியல. நான்தான் கடைக்கே போயி நின்னு தெக்கச் சொன்னேன்.

நீங்க சொன்னதை ஒருக்கா திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாத்துக்குங்க. மில்லுல டைம் ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் உக்காந்த பழக்கம், எதையும் ஒருக்கா சரிபாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல இவரு கெடந்தாரு. நீங்க கூட்டிட்டுப் போயி உங்க காப்பகத்துல வெச்சிருக்கீங்க. அங்க பதினஞ்சு நாளைக்கு மேல யாரையும் வெச்சுக்க எடமில்லை. வர்ற வெள்ளிக்கிழமையோட பதினஞ்சு முடியுது. பட்டாளத்துல இருந்தவங்களுக்குன்னு ஒரு இல்லம் இருக்குது, அங்க கட்டில் ஒண்ணு காலியா வெச்சிருக்காங்க. ஆனா பேரும் பட்டாள நம்பரும் எழுத்துல காட்டுனாத்தான் சேத்துக்குவாங்க. இவரானா தன் பேரையே நாளைக்கு ஒண்ணா சொல்றாரு. எழுத்து கெடைக்கலைன்னா வெள்ளிக்கிழமை மறுபடியும் ரோடுதான். அவ்வளவுதானுங்களே?

மறதி நோவுன்னு டாக்டர் எழுதியிருக்காருங்கறீங்க. அது எனக்குத் தெரியாதுங்க. எங்ககிட்ட இருந்தப்ப நல்லாத்தான் இருந்தாரு. அவரை மாதிரி ஒரு வாட்ச்மேனு இந்தக் கோயமுத்தூர்லயே கெடையாதுங்க. அதைச் சொல்லாம விட்டா எனக்குத்தான் பாவம்.

மேஜர்னா நெசமாலுமே மேஜர் இல்லீங்க. ஹவில்தார். நாங்க ஆசைக்கு மேஜர்னு கூப்புடறது. பேரு ஞானாதிக்கம். திண்டுக்கல் பக்கம். சம்சாரம் போயிச் சேந்துட்டாங்க. பையன் ஒருத்தன், ஊர்ல இருந்த வீட்டை வித்துப்போட்டு மஸ்கட்டோ எங்கயோ போயிட்டானாம். போன் போட்டா அந்த நம்பரே இல்லைங்குது. மூணரை வருஷம் முன்னாடி ஒரு ட்ரங்கு பெட்டியத் தூக்கிட்டு வந்து இந்த ஹாலுக்கு வெளிய நின்னாரு. ஷூ பளபளன்னு இருந்துச்சுங்க, மொகம் பாக்கலாம். ‘சாப், தங்க எடம் மட்டும் குடுத்தாப் போதும், சம்பளம் எதுன்னாலும் சரி’ன்னாரு. அப்படிச் சொல்ற ஆளை யாரு விடுவா? மாடிப்படிக்கு அடியில, மோட்டார் ரூமை ஒட்டுனாப்புல ஒரு அறை இருக்குது. அதைக் குடுத்தோம்.

அப்பத்தான் டிஸ்சார்ஜ் புக்கை வாங்கி வெச்சேன். பட்டாளத்தை விட்டு வர்றப்ப குடுக்கற புக்குங்க. பேரு, நம்பரு, ரெஜிமெண்டு, எத்தனை வருஷம், அப்பன் பேரு, ஒடம்புல தழும்பு எங்க, எல்லாம் அதுல இருக்கும். யாரு வேலைக்குச் சேந்தாலும் ஒரிஜினலை வாங்கி வெச்சுக்கறது எங்க சங்கத்து வழக்கம். இல்லைன்னா சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போயிருவாங்கல்ல.

ஆமாங்க, எங்கிட்டத்தான் இருக்குது. உள்ள பீரோவுல பத்திரமா இருக்குது. உக்காருங்க அம்மிணி, ஏன் எந்திரிக்கறீங்க? எங்க போயிரும்? சொல்லி முடிச்சறேன், முழுசாக் கேட்டாத்தானே உங்களுக்கும் எம் பக்கம் புரியும்.

வந்த பொறகு ரெண்டு வருஷம் ஒரு கொறை இல்லீங்க. அப்பறம் ஒரு நாள் நான் காய்கறி வாங்கிட்டு வர்றேன், கேட்டுல நிறுத்திப்போட்டாரு. கம்பை குறுக்க நீட்டி, ‘தம்! கோன் ஆத்தா ஹை?’ அப்படீங்கறாரு. நில்லு, யாரு வர்றதுன்னு அர்த்தமாம். ‘மேஜர், நானுங்க, செக்ரட்டரி’ங்கறேன். ‘எந்த வீடு? கையெழுத்துப் போடுங்க’ங்கறாரு. எனக்கு மொதல்ல சுருக்குன்னு கோவம் வந்துச்சு. அப்பறம் அவரு மொகத்தைப் பாத்தேன். சிரிப்பில்லை, கிண்டலில்லை. என்னை இதுக்கு முன்னால பாத்ததே இல்லைங்கற மாதிரி நிக்கறாரு. அடடா, டியூட்டின்னா இதல்லவா டியூட்டின்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க. போட்டேன் கையெழுத்தை.

அன்னையிலிருந்து கேட்டுல எல்லாரையும் நிறுத்த ஆரம்பிச்சுட்டாரு. முப்பத்தாறு வீடு, டாக்டரு, வக்கீலு, ஒருத்தரை விடல. காலையில பால் வாங்கப் போறவரை விட்டுட்டு, அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்தா, ‘யாரு?’ நாலு பேரு மொணமொணன்னாங்க. நான் விடல. வாட்ஸப் குரூப்புல எழுதுனேன், செக்ரட்டரியையே நாளைக்கு மூணு தடவை நிறுத்தறாரு, உங்களுக்கு என்ன கொறைச்சல்னு. எல்லாரும் கையெடுத்துக் கும்பிடற பொம்மை போட்டாங்க. பக்கத்து அப்பார்ட்மென்டுக்காரங்க வந்து, எங்களுக்கும் இப்படி ஒரு மிலிட்டரிக்காரரைப் பாத்துக் குடுங்கன்னு கேட்டாங்க. பெருமையா இருந்துச்சுங்க. குடியரசு தினத்தன்னைக்கு அவரைத்தான் கொடியேத்தச் சொன்னோம். பொன்னாடை போத்தினேன். போத்தி முடிச்சதும் எங்காதுல மெதுவா, ‘சாப், எந்தப் பக்கம் ரூமு?’ன்னு கேட்டாரு. ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாருன்னு நெனச்சேன்.

இப்படி ஒரு ஆளு இருக்கறப்ப மத்தவங்க எதுக்குன்னு கமிட்டியில தீர்மானம் போட்டு, கூட இருந்த செக்யூரிட்டி ஏஜென்சி ஆளுங்க மூணு பேரையும் நிறுத்திட்டோம். தீர்மானம் நான் எழுதுனதுதான். ஒரே ஆளு, பகலும் ராத்திரியும், கேட்டு அவருது, கொத்துச்சாவி அவருது. அவருகிட்டக் கேட்டோமான்னா, கேக்கலீங்க. சொன்னோம். சல்யூட் அடிச்சாரு.

ராமாத்தான்னு ஒருத்தி படிக்கட்டு கூட்ட வருவா. அவதான் மொதல்ல வந்து குசுகுசுன்னா. ‘அய்யனுக்கு என்ற பேரே தெரியலீங்க. நித்தம் புதுசாக் கேக்கறாரு. சாப்பிட்டீங்களான்னா தெரியலைங்கறாரு. யாராச்சும் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணுங்க’ன்னா. அவ தம்பி ஒருத்தன் வேலையில்லாம சுத்திட்டிருக்கான், அவனை உள்ள நொழைக்கப் பாக்கறான்னு எனக்குத் தோணுச்சு. உன் வேலைய மட்டும் பாருன்னேன். அவ கேக்கல. அவரு ரூமு கதவுக் கைப்பிடியில ஒரு செவப்புத் துண்டைக் கட்டிவிட்டிருந்தா. எதுக்குடீன்னா, ‘துண்டு இருக்கற கதவுதான் உங்க ரூமுன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க, அப்பத்தான் வந்து படுக்கறாரு’ங்கறா. படிக்கட்டு எறங்குனதும் கண்ணுல படற எடமுங்க. ஒறம்பரை, விருந்தாளின்னு வந்தா என்ன நெனப்பாங்க, செவப்புத் துண்டு தொங்குதுன்னு. அவுத்துப் போடச் சொல்லிட்டேன். பாக்கறதுக்கு நல்லா இல்லீங்க.

அதுக்கப்பறம் அவரு கார் நிறுத்தற எடத்துல படுக்க ஆரம்பிச்சாரு. ரெண்டாவது மாடி வக்கீலு காலையில வண்டிய ரிவர்ஸ் எடுக்கறப்ப சக்கரத்துக்குப் பின்னால கை நீண்டு கெடக்குது. அவரு போட்ட சத்தத்துல அப்பார்ட்மென்டே எந்திரிச்சிருச்சு. ஒரு சாண், அவ்வளவுதான். மேஜர் எந்திரிச்சு சட்டையத் தட்டிவிட்டுட்டு, ‘யாரு? எந்த வீடு?’ங்கறாரு அந்த வக்கீலையே. நான் எல்லாத்தையும் சமாதானம் பண்ணி, வண்டிகளுக்குக் காவல் படுத்திருக்காருங்க, அவ்வளவு பொறுப்புன்னு சொன்னேன். நெசமாலுமே அப்படித்தான் நெனச்சேன். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?

இன்னொரு நாள் மத்தியானம் மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவர் மேல ஏறி நிக்கறாரு. கீழ கொழந்தைங்க வெளையாடிட்டிருக்குது. அஞ்சு மாடிங்க. காத்து வேற. கெழக்கால காலி மனைப் பக்கம் கண்ணுக்கு மேல கைய வெச்சுக்கிட்டு அசையாமப் பாத்துட்டிருக்காரு. நான் கீழ இருந்து ‘மேஜர்!’னு கத்துனா, உதட்டு மேல வெரலை வெச்சு சத்தம் போடாதீங்கன்னு காட்டறாரு. அங்க யாரோ இருக்காங்க, எண்ணிட்டிருக்கேன்னு வெரலாலயே சொல்றாரு. காலி மனையில ஒரு ஈ காக்கா இல்லீங்க. ராமாத்தாதான் மேல ஏறிப்போயி என்னமோ பேசி கையப் புடிச்சு எறக்கிக் கூட்டிட்டு வந்தா. திருட்டுப்பசங்க நோட்டம் பாத்திருப்பாங்க, அவருக்கு மோப்பம் தெரிஞ்சிருக்கும்னு நான் மனசைத் தேத்திக்கிட்டேன். மாடிக்கதவைப் பூட்டச் சொல்லலாம்னா, சாவி அவருகிட்டத்தான் இருக்குது.

நவம்பர்ல ஒரு நாள் லீவு கேட்டாருங்க. மூணரை வருஷத்துல அவரு கேட்ட ஒரே லீவு. பேங்குக்குப் போயி உசுரோட இருக்கறேன்னு காட்டிட்டு வரோணும், இல்லாட்டி பென்சன் நின்னுபோகும்னாரு. அதை மட்டும் ஒரு சீட்டுல எழுதி சட்டைப் பையில குத்தியே வெச்சிருந்தாரு. அன்னைக்குப் பாத்து தண்ணி லாரி வர்ற நாளு. கேட்டைத் தொறக்க ஆளில்லை. நாளைக்குப் போங்க மேஜர்னேன். சரி சாப்னு சட்டையில இருந்த சீட்டை எடுத்து மடிச்சு உள்ள வெச்சுட்டாரு. மறுநாள் அவரு மறந்துட்டாரு. நானும் மறந்துட்டேன். நூறு வேலைங்க எனக்கு. பென்சன் நின்னுபோச்சுன்னு பொங்கலுக்கு அப்பறம் ராமாத்தா சொல்லித்தான் தெரியும். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அவரு சம்பந்தப்பட்ட விஷயம். அவருதானே பாத்துக்கோணும்?

இப்ப எம் பக்கத்தைக் கேளுங்க. இதைக் கேட்டீங்கன்னா உங்களுக்கே ஆறாது.

எம் பொண்ணு சங்கவிக்கு முப்பத்தி ஒண்ணு முடிஞ்சிருச்சு. ஜாதகத்துல என்னமோ தடங்கல். ஆறு வருஷமாப் பாக்கறோம். கோபியிலிருந்து ஒரு எடம் அமைஞ்சுது. பையன் ஒசூர்ல நல்ல வேலை. எல்லாம் பேசி, போன மார்கழிக்கு முன்னாலயே பொருத்தம் பாத்து, தையில ஒரு ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வர்றோம்னாங்க. எங்கூட்டுக்காரி மூணு நாளா வீட்டைத் தொடச்சா. சங்கவி அன்னைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்பறம் சிரிச்சா. ரெண்டு காரு, பதினோரு பேரு, பத்தரை மணிக்கு டாண்ணு வந்து கேட்டுல நிக்கறாங்க.

கேட்டு பூட்டியிருக்குது. மேஜர் கம்போட வெளிய ரோட்டுல நிக்கறாரு.

‘தம்!’ங்கறாரு. பையனோட அப்பா எறங்கி, ‘செக்ரட்டரி குழந்தைவேலு வீட்டுக்கு வந்திருக்கோங்க’ன்னிருக்காரு. ‘அப்படி யாரும் இங்க இல்லை’ன்னுட்டாரு. எல்லாத்தையும் காரை விட்டு எறங்கச் சொல்லியிருக்காரு. பையனைக் கைய மேல தூக்கச் சொல்லியிருக்காரு. பட்டு வேட்டி கட்டிட்டு அந்தப் பையன் நடுரோட்டுல கையத் தூக்கிட்டு நிக்கறான். அவங்கம்மா கையில இருந்த பழத்தட்டை வாங்கிக் கீழ வெச்சு, ஒவ்வொரு ஆப்பிளா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்து வரிசையா அடுக்கி வெச்சிருக்காரு. நான் போன் வந்து ஓடறேன். செருப்புகூடப் போடல.

போயி, ‘மேஜர், கேட்டைத் தொறங்க, நம்ம ஒறம்பரை’ங்கறேன். என்னைப் பாத்தாரு. மூணரை வருஷம் சோறு போட்ட என்னையவே மேலயும் கீழயும் பாத்துட்டு, ‘நீங்க யாரு?’ன்னாரு.

அத்தனை பேருக்கு முன்னால, அம்மிணி.

‘சாவி எங்க?’ன்னேன். தெரியலைன்னாரு. கால்சட்டை முன்னால நனைஞ்சிருந்துச்சு, தண்ணி சிந்திக்கிட்டாருன்னு நெனச்சேன். கண்ணு என்னமோ மாதிரி இருந்துச்சு, கூட்டத்துல தொலைஞ்சுபோன கொழந்தைக்கு இருக்குமே, அந்த மாதிரி. ஆனா அப்ப எனக்கு அதையெல்லாம் பாக்கற நெலமையா? திமிருன்னுதான் பட்டுச்சு. பையனோட அம்மா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, ‘ஏனுங்க, நீங்க நெசமாவே இங்கதான் குடியிருக்கீங்களா? உங்க வாட்ச்மேனுக்கே உங்களைத் தெரியலியே’ன்னாங்க. முக்கா மணி நேரம் கழிச்சு ராமாத்தா வந்து தொட்டிச் செடிக்குள்ள இருந்து சாவிய எடுத்துக் குடுத்தா. அதுக்குள்ள ரெண்டு காரும் திரும்பிப் போயாச்சு. சகுனம் சரியில்லைன்னு பொழுதோட போன்ல சொல்லிட்டாங்க. சங்கவி அந்தப் பட்டுச்சேலையோடயே பொழுதுக்கும் படுத்துக்கெடந்தா. நான் குளிக்கற ரூமுல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதனுங்க. அறுபத்தி ஏழு வயசுல.

சொல்லுங்க, வேற யாரா இருந்தாலும் வெச்சிருப்பாங்களா?

மறுநாள் காலையில கமிட்டிய வரச்சொல்லி, எழுதிக் குடுத்தே நிறுத்துனேன். முறைப்படிதான். படிச்சுக் காட்டுனேன். நேரா நின்னு கேட்டுட்டு சல்யூட் அடிச்சாரு. ட்ரங்கு பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாரு. எங்க போறீங்கன்னு யாரும் கேக்கல. கேட்டா நம்ம பொறுப்பாயிருமில்லங்க.

மத்தியானம் ரெண்டு மணிக்குத் திரும்பி வந்து நிக்கறாரு. ‘டியூட்டிக்கு வந்திருக்கேன் சாப்.’ நிறுத்தியாச்சுன்னு சொன்னேன். மொதத்தடவை கேக்கற மாதிரி மொகம் அப்படியே செத்துப்போச்சு. சரி சாப்னு போனாரு. மறுநாளும் ரெண்டு மணி. மறுபடியும் சொல்றேன், மறுபடியும் அதே மொகம். ஒரு ஆளை ஒருக்கா நிறுத்துறதே கஷ்டம், நான் அந்த மனுஷனைப் பதினோரு தடவை நிறுத்துனனுங்க. யாருக்கு வரும் இந்தக் கொடுமை? என்னைப் பத்தி யாராச்சும் ரோசனை பண்ணுனாங்களா?

அப்பறம் எதிர்ல பஸ் ஸ்டாப்புல பெட்டி மேல உக்காந்துக்குவாரு. மழையானாலும் வெயிலானாலும் அங்கயே. ராமாத்தா போசியில சோறு கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்தா. அவதான் புக்கைக் கேக்கச் சொல்லி அனுப்பியிருக்கோணும். வந்து, ‘சாப், என்ற புத்தகம்’னாரு. ‘புத்தகம் இருந்தா நான் யாருன்னு சொல்லிப்போடலாம்’னாரு. நான் குடுக்க மாட்டேன்னு சொல்லவே இல்லீங்க. வாங்குனப்ப ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருக்காரு, திருப்பிக் குடுக்கறப்பவும் அதே கையெழுத்து போடோணும், அதுதான் ரூல்ஸு. போடச் சொன்னேன். பேனாவைப் புடிச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாரு. அப்பறம் என்னமோ கோடு கிழிச்சாரு. அது அந்தக் கையெழுத்து இல்லீங்க. மறுநாள் வந்து இன்னொரு மாதிரி போட்டாரு. அதுவும் இல்லை. நாலு நாளு, நாலு விதம். எப்படிக் குடுப்பேன்? நாளைக்கே அவரு பையன் மஸ்கட்டுல இருந்து வந்து, எங்கப்பா புக்கை எவன் கையெழுத்துக்குடா குடுத்தேன்னா, யாரு பதில் சொல்றது?

கடைசியில குடியிருக்கறவங்களே, பிச்சைக்காரன் மாதிரி எதுத்தாப்புல உக்காந்திருக்கறாரு, பாக்க சங்கடமா இருக்குதுன்னாங்க. எனக்கும் வெசனந்தான். ஒரு ஆட்டோவைப் புடிச்சு, திண்டுக்கல் பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு வாப்பான்னு சிங்காநல்லூருக்கு அனுப்புனேன். என்ற கைக்காசு. ஏத்தி விட்டுட்டேன்னு அவன் சொன்னான். ஊர்ல யாரு இருக்காங்கன்னு கேக்கறீங்களா? சொந்த ஊருங்க அம்மிணி. யாராச்சும் இருப்பாங்க.

என்னது? பஸ்ஸுலயே ஏறலியா? பஸ் ஸ்டாண்டு வாசல்ல நின்னுட்டு வர்றவங்க போறவங்களை எல்லாம் யாரு, எந்த வீடுன்னு நிறுத்திக் கேட்டுட்டிருந்தாரா? பாத்தீங்களா! டியூட்டிய விடல பாத்தீங்களா! நான் சொன்னேன்ல? அப்பறம்? யாரோ புடிச்சுத் தள்ளிவிட்டு மண்டையில அடியா? ஏழு தையலா. அடப்பாவமே. இந்த ஜனங்களுக்கு ஒரு பெரிய மனுஷன்னு மரியாதை கெடையாதுங்க.

ட்ரங்கு பெட்டி? உங்ககிட்ட வர்றப்ப பெட்டியே இல்லீங்களா? ஆட்டோவுல ஏத்துனப்ப இருந்துச்சு, நான் பாத்தேன். அப்ப எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான். அதுல அவரு சம்சாரம் போட்டோ, மெடலு எல்லாம் இருந்துச்சுங்க. பாவம். பாருங்க, அந்த டிஸ்சார்ஜ் புக்கும் அதுலயே இருந்திருந்தா இந்நேரம் அதுவும் போயிருக்கும். எங்கிட்ட இருந்ததால தப்பிச்சுது. இதைத்தான் நான் சொல்றது.

என்னங்க எழுதறீங்க? எதுக்கு? ‘இவரை எனக்குத் தெரியும், இன்னின்ன வருஷம் இங்க வேலை பாத்தாரு’ன்னு நான் கையெழுத்துப் போடறதுக்கா? வேண்டாங்க அம்மிணி. பேசறது வேற, எழுதிக் குடுக்கறது வேற. உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுனது ஒரு பொண்ணு மாதிரி நெனச்சுத்தான். நாளைக்கு இதை வெச்சுட்டு யாராச்சும் வந்து, ஏஜென்சி இல்லாம எப்படி வெச்சிருந்தீங்க, ஒரே ஆளைப் பகலும் ராத்திரியும் எப்படி நிக்க வெச்சீங்க, ஒரிஜினலை எதுக்கு வாங்கி வெச்சீங்கன்னு கேட்டா? எம் பொண்ணுக்கு இப்பத்தான் தாராபுரத்துல ஒரு எடம் பேசிட்டிருக்கோம். போலீசு, விசாரணைன்னு வாசல்ல வந்து நின்னா அதுவும் போச்சு. நீங்க சின்னப்பொண்ணு, உங்களுக்கு இது புரியாது.

புக்கையாச்சும் குடுங்கன்னா? குடுக்கலாம். மனசு இருக்குது, நானும் மனுஷந்தானுங்களே. ஆனா அது என்ற சொந்தப் பொருளா? சங்கத்துப் பொறுப்புல இருக்கறது. நானா எடுத்து, கேட்டு வந்தவங்ககிட்டக் குடுக்க எனக்கு அதிகாரமில்லை. கமிட்டியில வெச்சு, தீர்மானம் போட்டுத்தான் குடுக்கோணும். வர்ற கமிட்டியில மொத விஷயமா இதையே வெக்கறேன், சத்தியமா. ஞாயித்துக்கெழமை.

ஆமாங்க, வெள்ளிக்கெழமைன்னு சொன்னீங்க, காதுல விழுந்துச்சு. ஆனா வெள்ளிக்கெழமை கமிட்டி கூடாதுங்களே. எல்லாரும் வேலைக்குப் போறவங்க. ரெண்டு நாள்ல என்ன ஆயிரப்போகுது? பட்டாளத்துல பனிமலையிலயே காவல் இருந்தவருங்க அவரு.

ஒரு பக்கத்தை மட்டும் போன்ல போட்டோ புடிச்சுக்கறீங்களா? அதுவும் புக்கைக் குடுக்கறதும் ஒண்ணுதானுங்களே, அம்மிணி. அழுகாதீங்க. இந்தாங்க, மோரைக் குடிங்க மொதல்ல. வெயில்ல அலைஞ்சு இத்தனை தூரம் யாரோ ஒருத்தருக்காக வந்திருக்கீங்க, உங்க மனசு யாருக்கு வரும்? இப்படி இருக்கறவங்களாலதான் ஊர்ல மழை பெய்யுது.

சரி, இப்படிப் பண்ணலாம். எனக்கும் மனசு உறுத்திக்கிட்டே இருக்க வேண்டாம். ஞாயித்துக்கெழமை கமிட்டி முடிஞ்சதும், திங்கக்கெழமை காலையில மொத வேலையா அந்தப் புக்கைக் கவர்ல போட்டு, என்ற செலவுலயே, பதிவுத் தபால்ல நேரா அவரு பேருக்கே அனுப்பிடறேன். அவரு கையில போயிச் சேந்துரும். யாருக்கும் ஒரு வம்புமில்லை.

இந்தாங்க பேனா. திங்கக்கெழமை அவரு எங்க இருப்பாருன்னு, அந்த அட்ரஸை மட்டும் இதுல எழுதிக் குடுத்துட்டுப் போங்க.